மூணு தரம் சொன்ன கிளி

கிளிக்குப் பயிற்சி கொடுக்கிற தொழிலில் கிளியால் எனக்கு ஒரு நாளும் தலைவலி வந்ததில்லை. வந்ததெல்லாம் கிளியை வாங்கியவர்களால்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கள், ரேஷன் கடையில் நிற்கிறவர்கள், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர்கள் என்று, ஒரே விஷயத்தை நாளெல்லாம் சொல்லி ஒருவர்கூடக் காதில் வாங்காமல் வீடு திரும்புகிற எல்லோருமே எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு எழுதிப் பிரயோஜனமில்லை, அவர்கள் கேட்க மாட்டார்கள்.

தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் ஜாபர் கூண்டு செய்வார். நான் தீனி விற்பேன், கூப்பிட்டால் வீட்டுக்கே போய்க் கிளியைப் பழக்கிக் கொடுப்பேன். கையில் ஏற, கூப்பிட்டால் வர, கடிக்காமல் இருக்க. அதைவிட முக்கியம், காலையிலிருந்து இரவு வரை கம்பியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து பைத்தியம் பிடிக்காமல் இருக்க அதற்கு ஏதாவது வேலை வைத்துக் கொடுப்பேன். ஊரில் என் பெயர் மறந்துபோய் ‘கிளி டீச்சர்’ என்று ஆகிவிட்டது. மரியாதையான பெயர்தான். டீச்சர் சொல்வதை யார் கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

டிவிக்குப் பக்கத்தில் ஓர் இடம்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒருவர் காரில் வந்தார். புதிதாக வீடு கட்டிக் குடிபோயிருக்கிறார். மஞ்சளும் ஆரஞ்சுமாக, பார்த்தால் கண்ணைப் பறிக்கிற சன் கனூர் கிளி ஒன்றை வாங்கி ஹாலில் வைத்திருக்கிறாராம். போனில் வீட்டுப் படங்களைக் காட்டினார். மாடிப்படிக்கு கிரானைட், வாசலுக்குத் தேக்கு, கார் நிறுத்துமிடத்துக்கு டைல்ஸ். கடைசியாக டிவிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தின் அளவை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்து வந்து, “இதுக்குள்ள அடங்கற மாதிரி ஒரு கூண்டு செஞ்சு குடுங்க பாய்” என்று என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

அவர் நூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அதற்குள் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டேன். “கிளி ரெக்கையை முழுசா விரிச்சா ரெண்டு பக்கமும் இடிக்கக் கூடாதுங்க. இந்த அளவுக்கு முயல் பொம்மைதான் வைக்கலாம்” என்றேன். கார் நிற்கிற இடத்துக்கு அத்தனை அகலம் விட்டவருக்கு இது புரியாமலா போகும் என்று எனக்கு நினைப்பு. காருக்குக் கதவு திறக்க இடம் வேண்டும் என்று தெரிகிறது, பறவைக்குச் சிறகு திறக்க இடம் வேண்டும் என்று தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நூலைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். வந்தவர் கோபித்துக்கொள்ளவில்லை, ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கம் சொன்னார்: “கிளிக்கு எதுக்குங்க அவ்ளோ பெரிய வூடு? அதுக்கென்ன நாளைக்குப் பொண்ணு பாக்கவா வரப் போறாங்க?”

செருப்பு டப்பா

மதியத் தொழுகைக்கு என் வீட்டுக்காரர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார், கடையில் நான் மட்டும். ஏரியூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், பைக்கில் செருப்பு டப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். டப்பாவின் மேல் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. எனக்கு உள்ளே என்ன என்று அப்போதே தெரிந்துவிட்டது. திறந்தால், இறகு சரியாக முளைக்காத பச்சைக்கிளிக் குஞ்சு. மரப்பொந்தில் கை விட்டு எடுத்திருக்கிறார். கூட இருந்தவை என்ன ஆயின என்று கேட்டேன். “ரெண்டு தவறிடுச்சுங்க, இது ஒண்ணுதான் தெம்பா இருக்குது” என்றார், தக்காளி நாற்று பட்டுப்போனதைச் சொல்வது மாதிரி.

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். இதைக் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த எழுத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு, “இது எப்ப பேசும், என்ன குடுத்தா பேசும்?” என்று கேட்கிறார். நான் கத்திய கத்தலில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குஞ்சுக்கு வெதுவெதுப்பாக ஒரு துணியைச் சுற்றி, அவரை முன்னால் விட்டு, நானே கூடப் போய் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்க வைத்தேன். வழியெல்லாம் அவர் முகம் வாடியே இருந்தது. கொஞ்சம் உறைத்திருக்கிறது போல என்று நானும் மனம் இளகினேன். திரும்பும்போது பைக்கை நிறுத்திவிட்டுக் கவலையோடு கேட்டார்: “ஏங்க டீச்சர், அங்க இருக்கற ஆபீசருங்க அதுக்குப் பேச்சு சொல்லிக் குடுப்பாங்களா?”

பேசக் கூடாத கிளி

பேச வைக்கச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்கள். வாயை மூட வைக்கச் சொல்லி வந்த ஒரே அழைப்பு பாலக்கோட்டிலிருந்து. தக்காளி மண்டி வைத்திருக்கும் மாதையன் பேசினார். பெங்களூரில் யாரோ வெளியூர் போகிறார்கள் என்று அவர்கள் வளர்த்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை வாங்கி வந்து, பெருமைக்கு மண்டியிலேயே மாட்டி வைத்திருக்கிறார். பெயர் துரை. வந்த புதிதில் அது எல்லோரையும் பார்த்து “ஊட்ட ஆய்தா?” என்று, அதாவது சாப்பிட்டாச்சா என்று, கன்னடத்தில் கேட்குமாம். எல்லைப் பக்கத்து ஊர் என்பதால் மண்டிக்கு வருகிறவர்களும் ‘ஆய்து ஆய்து’ என்று பதில் சொல்லி, வேர்க்கடலை கொடுத்துக் கொஞ்சியிருக்கிறார்கள்.

பிறகு துரை ஏலத்தைக் கற்றுக்கொண்டது. மாதையன்தான் ஏலம் விடுகிறவர். ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்று அவர் மூன்றாவது முறை சொன்னால் சரக்கு அந்த வியாபாரிக்கு என்று அர்த்தம். கிளி இடையில் புகுந்து, அச்சாக அவர் குரலிலேயே, “மூணு தரம்!” என்று கத்துகிறதாம். விவசாயிகள் சத்தம் போடுகிறார்கள், ஏலம் கெடுகிறது, எப்படியாவது நிறுத்த வேண்டும் என்றார். வந்து பார்க்கிறேன் என்றேன். அவருக்கு வந்து பார்ப்பதில் எல்லாம் நம்பிக்கை இல்லை. “அடுத்த வரத்து சூடு புடிக்கறதுக்குள்ள அது அடங்கியாவணும்மா. இல்லாட்டி கோழி அறுக்கற பையன் ஒருத்தன் இருக்கான், நாக்கு நுனிய நறுக்கி உட்டுடறேங்கறான்.”

காலிப் பெட்டிகளுக்கு நடுவில்

அன்றைக்கே போனேன். ஸ்கூட்டரை எந்த வேகத்தில் ஓட்டினேன் என்று என் வீட்டுக்காரரிடம் இதுவரை சொல்லவில்லை. மண்டியில் கிளி இல்லை. பின்னால் காலிப் பெட்டிகளை அடுக்கும் அறையில், கூண்டு மேல் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அழுகிய தக்காளி நெடி மூக்கில் ஏறியது. சாக்கை எடுப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. “ஊட்ட ஆய்தா?” என்று கேட்டது, கொஞ்ச நேரம் விட்டு “ஆய்து ஆய்து” என்று அதுவே பதில் சொல்லிக்கொண்டது. இருட்டில் கேட்க யாரும் இல்லாமல் இரண்டு பேர் வேலையையும் அதுவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அங்கேயே நின்று அழுதேன். பிறகு அந்த அழுகைக்குக் காரணமானவர்கள் மேல் வந்த கோபத்தில் சாக்கை இழுத்து வீசினேன்.

நெஞ்சில் ஓர் இறகுகூட இல்லை. அத்தனையும் அதுவே பிடுங்கிக்கொண்டது. வேலை இல்லாத, பேச ஆளில்லாத கிளி தன்னையே பிய்த்துக்கொள்ளும். கூண்டை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். மக்காச்சோளத் தோகையில் சூரியகாந்தி விதையைப் பொட்டலம் கட்டி உள்ளே தொங்கவிட்டேன், அவிழ்த்துத் தின்னட்டும் என்று. வேப்பங்குச்சி, கேழ்வரகுக் கதிர், சாக்கைக் கிழித்துப் பின்னிய கயிறு, எல்லாம் அந்த மண்டியைச் சுற்றிச் சும்மா கிடந்த பொருள்கள்தான். துரை முதலில் பயந்து மூலையில் ஒண்டியது. பிறகு ஒரு தோகையை இழுத்தது. அப்புறம் விடவில்லை, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்தது.

பெட்டி தூக்கும் ஆள் ஒருவர், தலையில் துண்டைச் சும்மாடு கட்டிக்கொண்டு, இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து லாரிக்கும் மண்டிக்கும் நடந்த கால்கள். என்னிடம் கேட்டதில் குத்தல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.  “கிளிக்குப் பொழுது போவலன்னா டீச்சர் வர்றீங்க. பெட்டி தூக்கறவனுக்குப் பொழுது போவலன்னா யாருங்க வருவா?”

நாள் முழுக்கப் பேசிய போன்

அந்த வாரமே தர்மபுரியில் ஒரு வீடு. கணவன், மனைவி இருவருக்கும் சம்பள வேலை, காலையில் போனால் இருட்டும்போதுதான் திரும்புவார்கள். அவர்களுடைய காக்கடீல் கிளி பேசவில்லை என்பது புகார். பழைய போன் ஒன்றில் ‘டாடி ஐ லவ் யூ, மம்மி ஐ லவ் யூ’ என்று மனைவி குரலில் பதிவு செய்து, திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து, கூண்டில் கட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்தவர் வீட்டில் மைக்செட் கட்டி நாள் முழுக்க ஒரே பாட்டைப் போட்டால் போலீசுக்குப் போன் செய்கிறவர்கள் இவர்கள்.

கிளி எதைக் கற்றுக்கொண்டிருந்தது தெரியுமா? போனில் சார்ஜ் தீரும்போது வரும் ‘டுய்ங்’ சத்தத்தை. அதற்குப் பிறகுதானே வீடு அமைதியாகும்! பாவம், அமைதி வேண்டும் என்று அது நாள் முழுக்க ‘டுய்ங், டுய்ங்’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். சாயங்காலம் டிவியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கூண்டைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் உட்காருங்கள், அது விசிலடித்தால் நீங்களும் விசிலடியுங்கள், அது போதும் என்றேன். மனைவி யோசித்தார். கணவர் யோசிக்கவே இல்லை. “அதெல்லாம் பழக்கம் பண்ணிட்டா கஷ்டம் மேடம். அப்புறம் தெனமும் நாங்கதான வந்து பேசணும்?”

விரல்

பாலக்கோட்டுக்கு மறுபடி போனேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கிளி கத்துகிறது என்றால், கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது, கத்தியபின் அதற்கு என்ன கிடைத்தது, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். சும்மா எந்தக் கிளியும் கத்தாது. பின்னால் கிடைத்தது என்ன என்று எனக்குத் தெரியும்: கத்தினால் கூட்டமே திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது, யாராவது வேர்க்கடலை போடுகிறார்கள். முன்னால் நடப்பதைப் பார்க்க வேண்டுமே! ஒரு காலை மட்டும் கூண்டை ஏல இடத்தில் பழையபடி மாட்டுங்கள் என்று மாதையனிடம் கேட்டேன். மனசே இல்லாமல் மாட்டினார்.

ஏலம் தொடங்கியது. சரக்கு மாறி மாறிப் போகிறது, வியாபாரிகள் மாறி மாறி விலை கேட்கிறார்கள், துரை கழுத்தைச் சாய்த்து வேடிக்கை பார்க்கிறது. வாயே திறக்கவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தூணோரம் சாய்ந்து நின்றபடி, ஆள்காட்டி விரலை இடுப்பு உயரத்தில் லேசாகத் தூக்கினார். உடனே கிளி “மூணு தரம்!” என்றது. அதற்கு ஒரு மூச்சு பின்னால் மாதையனும் ஒரு தரம் ரெண்டு தரத்தை மென்று விழுங்கிவிட்டு “மூணு தரம்” என்றார். மற்ற வியாபாரி வாயைத் திறப்பதற்குள் சரக்கு குறைந்த விலைக்கு வெள்ளைச் சட்டைக்கே முடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விரல், மறுபடி கிளி, மறுபடி மாதையன். வேறு யார் கையைத் தூக்கினாலும் கிளி அசையவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் மாதையனின் மச்சான், அவர் மனைவியின் தம்பி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிளி ஏலத்தைக் கெடுக்கவில்லை, கெட்டுப்போன ஏலத்தைப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறது. எஜமானர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் என்ன சொல்லப்போகிறார் என்று சொல்லிவிடுகிறது. அதுதான் அது செய்த குற்றம், அதற்குத்தான் நாக்கை நறுக்கப் பார்த்திருக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் மாதையனிடம் நேராகவே சொன்னேன்: “இது கத்தாம இருக்க ஒரே ஒரு வைத்தியந்தான் இருக்குதுங்க. உங்க மச்சான் வெரலைத் தூக்கக் கூடாது.” மாதையன் முகத்தில் கொஞ்சம்கூட அதிர்ச்சி இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “மச்சானை மாத்த முடியாதும்மா, வூட்ல எனக்குச் சோறு கிடைக்காது. கிளியத்தான் மாத்தணும்.”

ஜாபர் செய்த வைத்தியம்

மாற்றுவதாக இருந்தால் எனக்கே மாற்றுங்கள் என்று அங்கேயே நின்றேன். இந்தப் பக்கம் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார். வெளிநாட்டுக் கிளி வளர்க்கத் தேவையான பதிவுக் காகிதங்களைப் பெயர் மாற்றிக்கொண்டு, துரையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் வீட்டுக்காரர் அதற்கு, நாமே உள்ளே உட்காரலாம் போல ஒரு கூண்டு செய்தார். அதன் கதவு இரவில் மட்டும்தான் மூடும். நாக்கு பிழைத்தது. ஆனால் நெஞ்சில் இறகு இன்னும் வரவில்லை. அத்தனை நாள் வேரோடு பிடுங்கிய இடத்தில் சில சமயம் முளைக்காமலே போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாலக்கோட்டுக்கே திரும்பிப் போய்ச் சண்டை போடத் தோன்றும்.

ஒரு சிக்கல் இருந்தது. அதற்குப் பழக்கம் விடவில்லை. தொழுகையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆள்காட்டி விரலை நீட்டுவது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் வீட்டில் தொழும்போது விரலை நீட்டினால் பின்னாலிருந்து மண்டிக் குரலில் “மூணு தரம்!” என்று வரும். நான் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடுவேன். ஆனால் தொழுகையில் இருக்கிற மனிதர் திரும்ப முடியாது, சிரிக்க முடியாது, கடலை போட முடியாது. கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள் என்று நான் ஊரெல்லாம் கெஞ்சியும் ஒருவர்கூடச் செய்யாததை இவர் வீட்டில் தொழுகிற வேளையெல்லாம் செய்தார். கொஞ்ச நாளில் துரைக்கே சலித்துவிட்டது, விரலைப் பார்த்தும் சும்மா இருக்கப் பழகிவிட்டது. உங்கள் தொழுகையைக் கெடுத்துவிட்டேனே என்று நான் வருத்தப்பட்டபோது அவர் கூண்டுக்குக் கம்பி வளைத்தபடியே சொன்னார்: “அல்லாஹ் புரிஞ்சிக்குவான். பக்கத்து வூட்ல இருக்கற பள்ளிவாசல் ஹஜ்ரத்து காதுல வுழுந்திருந்தாதான் நமக்கு ஏலம் வுட்டுருப்பாரு.”

இரவல் கேட்டு வந்தவர்கள்

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து சின்னபாப்பா என்ற பெண்மணி, கூட இரண்டு மூன்று பெண்களோடு கடைக்கு வந்தார். எல்லோரும் தக்காளி போடுகிறவர்கள், மாதையன் மண்டிக்குத்தான் சரக்கு கொண்டுபோகிறவர்கள். தீனி வாங்க வரவில்லை. துரையை ஒரே ஒரு நாள் இரவல் கேட்க வந்திருந்தார்கள். கிளி இருந்தவரை மச்சான் கொஞ்சம் கூச்சப்பட்டு விரலைக் கம்மியாகத் தூக்கினாராம், கிளி போன பிறகு கேட்க ஆளில்லையாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நாக்கை நறுக்கப் பாத்த எடத்துக்கா திரும்ப அனுப்பச் சொல்றீங்க? எல்லாருக்கும் அது ஒரு வேலைக்குத்தான் வேணும், இல்லியா? அந்த வெரலைப் பாக்க உங்களுக்குக் கண்ணு இல்லியா?” என்று கத்திவிட்டேன்.

 சின்னபாப்பா கூண்டுக்கு முன்னால் போய் நின்று, ஆள்காட்டி விரலை மச்சான் மாதிரியே இடுப்பு உயரத்தில் லேசாகத் தூக்கிக் காட்டினார். துரை அந்த விரலைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு, “ஊட்ட ஆய்தா?” என்று கேட்டது. அவர் “ஆய்துப்பா” என்றார். அதன் வெறும் நெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். என்னிடம் திரும்பியபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “கண்ணு இருக்குதுங்க டீச்சர், நாங்களும் வருசக்கணக்கா பாத்துக்கிட்டுத்தான் இருக்கறோம். ஆனா நாங்க சொன்னா பொம்பளைங்க பொலம்பறாங்கன்னு போயிடறாங்க, கிளி சொன்னாத்தான எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.”

கடைசி வகுப்பு

அவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். டீ வரவழைத்தேன். புலம்பாதீர்கள், கிளி செய்ததை மட்டும் செய்யுங்கள் என்றேன். நான் தூணோரம் சாய்ந்து நின்று மச்சானாக நடித்தேன். விரல் தெரிந்ததும், மாதையன் வாயைத் திறப்பதற்கு முன்னால், எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்ல வேண்டும். வேறொரு வார்த்தையும் பேசக் கூடாது, வையக் கூடாது, சாபம் கொடுக்கக் கூடாது. முதல் தடவை வெட்கத்தில் சத்தமே வரவில்லை. அப்புறம் ஒருவர் சிரித்தார், மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. நாலாவது தடவை நான் விரலைத் தூக்கியபோது வந்த “மூணு தரம்!” சத்தத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்த முதல் மாணவர்கள் இவர்கள்தான்.

அடுத்த ஏல நாளன்று காலையில் மாதையனிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் அவர் குரல் கேட்கவில்லை, அவருக்குப் பின்னால் மண்டியே சேர்ந்து “மூணு தரம்!” என்று கத்துவதும், அதற்கு மேல் ஒரு பெரிய சிரிப்பும்தான் கேட்டது. பெண்கள் குரல் மட்டுமில்லை. ஆண்கள் குரலும் இருந்தது. பெட்டி தூக்குகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள் என்று பிறகு சின்னபாப்பா சொன்னார். நான் போனைத் துரையின் கூண்டுப் பக்கம் பிடித்தேன். அது கழுத்தைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கேழ்வரகுக் கதிரை உருவிக்கொண்டிருந்த வேலைக்கே திரும்பிவிட்டது. சத்தம் கொஞ்சம் அடங்கியதும் மாதையன் அழாத குறையாகச் சொன்னார்: “ஏம்மா, ஒரு கிளியக் கொண்டு போயிட்டு ஊர்க் கிளியெல்லாம் அனுப்பி வெச்சிட்டீங்களே, இதுங்களுக்கு எந்த நாக்கம்மா நான் நறுக்கறது?”

மச்சான் இப்போதெல்லாம் விரலைத் தூக்குவதில்லையாம், லேசாக இருமுகிறாராம். அதனால் இருமலுக்கு என்ன கத்துவது என்று கேட்டு வருகிற வாரம் அவர்கள் மறுபடி வருகிறார்கள், நானும் டீக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.